வேகமும் குரலும் – 17: பதினொரு பந்தயங்களும் ஒரு தொடுதிரையும்

சென்ற பகுதி டெரெக் டேலியின் உடைந்த கால்களோடு நின்றது. டப்ளினின் டண்ட்ரம் பகுதியில் பிறந்தவர்; பந்தயக் காருக்குக் காசு சேர்ப்பதற்காக அவுஸ்திரேலியாவின் இரும்புத்தாதுச் சுரங்கத்தில் மாடாய் உழைத்தவர்; 1978 இல் ஃபோர்முலா 1 வரை ஏறியவர். அமெரிக்காவின் மிச்சிகன் ஓடுதளத்தில் 1984 இல் சுவரோடு மோதியதும் அவருடைய உச்சக்கட்ட ஓட்டம் முடிந்தது. அதன் பிறகு ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சியில் பந்தய வர்ணனையாளராக அமர்ந்தார். அமெரிக்க ரசிகர்களில் ஒரு தலைமுறைக்கு அவரைச் சாரதியாகத் தெரியாது, குரலாகத்தான் தெரியும்.

காரிலிருந்து இறங்கி ஒலிவாங்கிக்கு முன்னால் அமர்ந்தவர்களின் அந்த வரிசையில் பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்தும் ஒருவர் இருக்கிறார். 1984 ஜனவரி 19 ஆம் திகதி சென்னையில் பிறந்த கருண் சந்தோக். டேலி மிச்சிகனில் மோதிய அதே ஆண்டு. ஃபோர்முலா 1 இல் ஓடிய இரண்டாவது இந்தியர் அவர். முதலாமவர் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். இருவருமே தமிழ்நாட்டின் ஓடுதளங்களிலிருந்து போனவர்கள் என்பது தற்செயல் அல்ல.

விமான ஓடுபாதையில் விளைந்த பந்தயம்

சந்தோக் என்பது பஞ்சாபிக் குடும்பப் பெயர்; குடும்பத்தின் கதை சென்னைக்குரியது. கருணின் பாட்டனார் இந்து சந்தோக், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பை வளர்த்தெடுத்தவர்களுள் ஒருவர். இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் சம்மேளனம் 1971 இல் உருவானபோது அதன் நிறுவன உறுப்பினர். தந்தை விக்கி சந்தோக் ரலி ஓட்டத்தில் பெயர் எடுத்தவர். பின்னாளில் அந்தச் சம்மேளனத்துக்கே தலைவரானவர். பாட்டனார் பந்தயம் நடத்தினார், தகப்பன் பந்தயம் ஓடினார். பேரனுக்குப் பெற்றோல் வாசம் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

அவர்கள் பந்தயம் நடத்திய இடம் சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போருக்காகப் போடப்பட்ட விமான ஓடுபாதை அது. போர் முடிந்து விமானங்கள் போனபின் வெறுமையாய்க் கிடந்த கொங்கிரீட் தளத்தில் 1950களில் கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் ஓடத் தொடங்கின. வைக்கோல் கட்டுகளும் எண்ணெய்ப் பீப்பாய்களும் வளைவுகளைக் குறித்தன. விடுமுறை நாளில் குடும்பம் குடும்பமாகச் சனம் சோற்றுப் பொதியோடு வந்து குவிந்தது. கொண்டல் சமஸ்தானத்து மகாராஜாவும் ஓடினார், தன் கையாலேயே கார் கட்டிய கோயம்புத்தூர்க் கரிவர்தனும் ஓடினார். மதுபானத் தொழிலதிபர் விஜய் மல்லையா, பழைய ஃபோர்முலா 1 கார் ஒன்றை வாங்கிவந்து அங்கே ஓட்டினார்.

எம் தீவிலும் இதே கதை உண்டு. களுத்துறைக்குத் தெற்கே கட்டுகுருந்தையில் பிரித்தானியக் கடற்படை அமைத்த போர்க்கால விமானத்தளத்தில்தான் இலங்கையின் கார்ப் பந்தயங்கள் நடந்தன. போர் விட்டுப்போன ஓடுபாதையைப் பந்தயத்துக்கு எடுத்துக்கொள்வது இங்கிலாந்தின் சில்வர்ஸ்டனில் தொடங்கிச் சோழவரம் வரைக்கும் ஒரே வழக்கம். வித்தியாசம் எங்கே என்றால், சென்னைக்காரர்கள் அத்தோடு நிற்கவில்லை. 1990 இல் ஶ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர ஓடுதளமொன்றைத் தாங்களே கட்டி எழுப்பினார்கள்.

அதே 1990 இன் யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. வன்னிக்கு மின்சாரம் நின்றது, எரிபொருளுக்குத் தடை வந்தது. கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் மோட்டார்ச் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் உதைத்து இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்ட காலம் அது. தலைகீழாக நிறுத்திய சைக்கிளின் பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் பிபிசி தமிழோசை கேட்ட காலமும் அதுவே. சோழவரமும் சுண்டிக்குளமும் ஆகாய வழியில் அப்படியொன்றும் தூரமில்லை. ஆனாலும் இருங்காட்டுக்கோட்டையில் நடந்தது எதுவும் எம் காதுக்கு எட்டவில்லை.

படிப்படியாக

கருண் 2000 ஆம் ஆண்டில் பந்தயத்துக்கு வந்தார். 2001 இல் ஃபோர்முலா ஆசியா பட்டத்தை வென்றபோது வயது 17. மறு ஆண்டு பிரித்தானியா. ஐரோப்பாவில் பெயர் எடுக்காமல் ஃபோர்முலா 1 கதவு திறக்காது என்பது நரேன் காட்டிய பாதை. பிரித்தானிய ஃபோர்முலா 3 இல் மூன்று ஆண்டுகள் போயின. 2005 இல் ஏ1 கிராண்ட் பிரீ தொடரில் இந்திய அணிக்காக ஓடினார். 2006 இல் ஆசியாவுக்குத் திரும்பி, ரெனோ நிறுவனத்தின் ஃபோர்முலா வி6 ஆசியா பட்டத்தைப் பிடித்தார்.

அதுதான் அவரை ஜீ.பீ.2 தொடருக்குள் இட்டுச் சென்றது. ஃபோர்முலா 1 க்கு ஒரு படி கீழே இருந்த தொடர் அது. 2007 இல் இத்தாலியின் டுராங்கோ என்ற சிறிய அணிக்காக ஓடி, பெல்ஜியத்தின் ஸ்பா ஓடுதளத்தில் வென்றார். மறு ஆண்டு ஐஸ்போர்ட் அணியில், ஜேர்மனியின் ஹொக்கன்ஹைமில் இன்னொரு வெற்றி. அங்கே அவருக்கு அணித்தோழர் புரூணோ சென்னா, 1994 இல் இமோலாவில் இறந்த அயர்ட்டன் சென்னாவின் மருமகன். அந்த இரு பெயர்களும் பிறகும் சேர்ந்தே வந்தன.

ஜீ.பீ.2 இல் வென்ற எல்லாருக்கும் ஃபோர்முலா 1 இருக்கை கிடைப்பதில்லை. திறமையோடு அனுசரணையாளர் பணமும் வேண்டும், காலமும் கைகொடுக்க வேண்டும். 2010 இல் காலம் கைகொடுத்தது. புதிய அணிகள் மூன்று உள்ளே வந்தன. அவற்றுள் ஸ்பெயினின் எச்.ஆர்.ரி. அணி கருணையும் புரூணோவையும் ஒப்பந்தம் செய்தது. அறிவிப்பு வந்தது மார்ச் 4 ஆம் திகதி. முதல் பந்தயம் மார்ச் 14.

பத்து நாள் இடைவெளியில் எதைத்தான் பழகுவது?

பஹ்ரைனில் முதல் சுற்று

இங்கே ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். செலவைக் குறைப்பதற்காக 2009 முதல், பருவம் தொடங்கிய பின் அணிகள் தனியாகக் காரைச் சோதித்து ஓடுவது தடைசெய்யப்பட்டிருந்தது. குளிர்காலச் சோதனை ஓட்டங்களில்தான் புதிய சாரதி காரைப் பழகலாம். எச்.ஆர்.ரி. அணியோ பணத்துக்குத் திண்டாடி உரிமையாளர் கைமாறிய அணி. இத்தாலியின் டல்லாரா நிறுவனம் கட்டிக்கொடுத்த அதன் கார், குளிர்காலச் சோதனைகளில் ஒரு கிலோமீற்றர்கூட ஓடவில்லை.

பஹ்ரைன் களத்தில்தான் காரைப் பூட்டினார்கள். புரூணோவின் கார் வெள்ளிக்கிழமை ஒருவாறு வெளியே வந்தது. கருணின் கார் முதலாம் பயிற்சிக்கும் வரவில்லை, இரண்டாவதுக்கும் வரவில்லை, சனிக்கிழமைக் காலைப் பயிற்சிக்கும் வரவில்லை. மற்றவர்கள் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்க, இவர் உடுப்போடும் தலைக்கவசத்தோடும் கராஜுக்குள் காத்து நின்றார். சனிக்கிழமை தகுதிகாண் சுற்று தொடங்கிய பிறகுதான் கார் தயாரானது. அந்தக் காரை முதன்முதலாக ஓட்டும் நாளிலேயே தகுதிகாண் சுற்றும் ஓட வேண்டிய நிலை அவருக்கு. கியர், பிரேக், ஸ்டியரிங்கில் இருக்கும் இருபதுக்கு மேற்பட்ட பொத்தான்கள், அந்த ஆண்டுக்கென ஆறு கிலோமீற்றருக்கு மேலாக நீட்டப்பட்டிருந்த ஓடுதளம், எல்லாமே அந்தச் சில நிமிடங்களுக்குள்.

24 கார்களில் 24 ஆவது. முதலிடத்தை எடுத்த செபஸ்டியன் ஃபெட்டலைவிடப் பத்து வினாடிக்கு மேல் பின்னால். ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்றை மட்டுமே முடித்தார். அடுத்த சுற்றில் தளத்தின் மேடொன்றில் கார் குலுங்கிக் கைநழுவியது. அவருடைய அறிமுகப் பந்தயம் அத்தோடு சரி.

பார்த்தவர்கள் சிரித்திருக்கலாம். இரண்டு கிழமைக்குப் பிறகு மெல்பேர்னில் அதே காரைப் பந்தயம் முடியும்வரை கொண்டுபோனார். ஐந்து சுற்றுகள் பின்தங்கினாலும் 14 ஆம் இடம். எச்.ஆர்.ரி. அணி முடித்த முதல் பந்தயம் அது. மலேசியாவில் 15. மே 16 ஆம் திகதி மொனாக்கோவில் மீண்டும் 14. புள்ளியே எடுக்காத அணிகளை அவற்றின் சிறந்த இடங்களை வைத்துத்தான் வரிசைப்படுத்துவார்கள். ஆண்டு முடிவில் எச்.ஆர்.ரி. அணி, தன்னைவிட வேகமான வேர்ஜின் அணிக்கு ஒரு படி மேலே நின்றதற்கு அந்தப் 14கள் உதவின.

மொனாக்கோவின் 14 ஆம் இடத்துக்கு ஒரு விலையும் இருந்தது. பந்தயம் முடிய நாலு சுற்றுகள் மட்டும் மிச்சம். ராஸ்காஸ் வளைவில் லோட்டஸ் அணியின் யார்னோ ட்ருல்லி உட்புறமாக நுழையப் பார்த்தார். இடம் போதவில்லை. ட்ருல்லியின் கார் கருணின் காரில் ஏறி, தலைக்கு மேலாலேயே கடந்து போனது. சில்லு தலைக்கவசத்தை உரசாமல் தப்பியது சில அங்குல இடைவெளியில். கருண் இறங்கி நடந்து போனார். டேலியை மறந்திராத வாசகருக்கு இங்கே ஒன்று தட்டுப்படும். 1980 இல் இதே மொனாக்கோவில், பந்தயம் தொடங்கிய முதல் வளைவிலேயே டேலியின் டிரெல் கார் மற்றக் கார்களுக்கு மேலால் பறந்து, தன் அணித்தோழருடைய காரின் மேலேயே போய் விழுந்தது. அவருக்கும் காயமில்லை.

கருண் மொனாக்கோவில் தப்பிய அந்த ஞாயிறு, வன்னிச் சனத்தில் ஒரு பகுதி செட்டிகுளம் மெனிக் பார்ம் முகாமில் மீள்குடியேற்றத்துக்காகக் காத்திருந்தது. பந்தயம் பார்க்கும் நிலையில் எவரும் இல்லை. கருண் சந்தோக் என்ற பெயர் எம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது பின்னாளில், கைத்தொலைபேசித் திரை வழியாக. அதற்குள் அவர் சாரதி என்பதைவிட வர்ணனையாளராகவே அறியப்பட்டிருந்தார்.

இருக்கை போன பிறகு

யூலை மாதம் சில்வர்ஸ்டன் பந்தயம் முடிந்தது. அடுத்ததான ஜேர்மன் கிராண்ட் பிரீயில் அவருடைய காரில் ஜப்பானியரான சகோன் யமமோட்டோ அமர்ந்திருந்தார். பணம் கொண்டுவரும் சாரதிக்குச் சிறிய அணி இடம் கொடுப்பது இந்த விளையாட்டின் பழைய வழக்கம். கருணுக்குப் பத்துப் பந்தயங்களோடு இருக்கை போனது.

அந்த ஆண்டின் மிச்சப் பந்தயங்களில் பிபிசி வானொலியின் 5 லைவ் அலைவரிசை அவரை வர்ணனைக்குக் கூப்பிட்டது. வானொலியில் படம் இல்லை. கார் வழுக்கியதா, வேண்டுமென்றே அகலமாகப் போனதா, ரயர் தேய்ந்துவிட்டதா என்பதைக் கேட்பவருக்குச் சொல்லால் காட்ட வேண்டும். சில கிழமைகளுக்கு முன்வரை அதே கார்களோடு ஓடியவருக்கு அது கைவந்தது. வளைவில் எந்த இடத்தில் காரின் பின்புறம் இலேசாகும் என்பதை உடம்பால் அறிந்தவர் பேசினார்.

ஆனாலும் ஓட்டத்தை அவர் விடவில்லை. 2011 இல் லோட்டஸ் அணியின் மேலதிகச் சாரதியானார். பருவத்தின் முதல் வெள்ளிக்கிழமை, மெல்பேர்ன் பயிற்சியில், வெளியே வந்த முதல் சுற்றிலேயே சுவரில் இடித்தார். யூலை 24 இல் நூர்பேர்க்ரிங்கில் ட்ருல்லிக்குப் பதிலாக ஒரு பந்தயம் கிடைத்தது. நாலு சுற்றுகள் பின்தங்கி 20 ஆவதாக, கடைசியாக வந்தார். ஃபோர்முலா 1 இல் அவருடைய பதினோராவதும் இறுதியுமான பந்தயம் அதுவே.

அந்த ஒக்டோபரில் தில்லிக்கு அருகே புத்தா ஓடுதளத்தில் இந்தியாவின் முதலாவது கிராண்ட் பிரீ நடந்தது. தந்தை அப்போது தேசிய சம்மேளனத்தின் தலைவர். மகன் சொந்த நாட்டில் ஓடுவாரா என்று இந்தியப் பத்திரிகைகள் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தன. லோட்டஸ் அணி அவருக்கு வெள்ளிக்கிழமை முதலாம் பயிற்சியை மட்டும் கொடுத்தது. அந்தப் பயிற்சியின் நடுவே ஒரு தெருநாய் ஓடுதளத்துக்குள் புகுந்துவிட, சிவப்புக்கொடி காட்டி எல்லாரையும் நிறுத்தினார்கள். ஞாயிறு பந்தயத்தில் நரேன் கார்த்திகேயன் எச்.ஆர்.ரி. காரை 17 ஆம் இடத்துக்குக் கொண்டுவந்தார். கருண் வெளியில் நின்று பார்த்தார்.

ஃபோர்முலா 1 கைவிட்டபின் அவர் போனது பிரான்ஸின் லு மான் பக்கம். பகலும் இரவுமாக 24 மணித்தியாலம் ஓடும் பந்தயம். ஒரு காரை மூவர் மாறி மாறி ஓட்டுவார்கள். 2012 இல் அதில் கலந்துகொண்ட முதல் இந்தியர் அவர். டேவிட் பிரபம், பீற்றர் டம்பிரெக் ஆகியோரோடு சேர்ந்து ஆறாம் இடம் பிடித்தார். மறு ஆண்டு அவர் சேர்ந்த அணி மேர்ஃபி புரோட்டோடைப்ஸ், அயர்லாந்தைச் சேர்ந்தது. 2014 இல் மின்சாரக் கார்களுக்கான ஃபோர்முலா ஈ தொடங்கியபோது மஹிந்திரா அணியில் மறுபடியும் புரூணோ சென்னாவோடு ஜோடி. செப்ரெம்பர் 13 இல் பெய்ஜிங்கில் நடந்த தொடரின் முதல் பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தார். ஒரே பருவத்தோடு அங்கிருந்தும் விலகினார்.

தொடுதிரைக்கு முன்னால்

2016 இல் பிரித்தானியாவில் ஃபோர்முலா 1 ஒளிபரப்பு பிபிசியிடமிருந்து சனல் 4 க்கு மாறியது. டேவிட் கூல்தார்ட், மார்க் வெபர், அயர்லாந்தின் எடி ஜோர்டன் என்று பெரிய பெயர்களைச் சேர்த்தார்கள். நரேன் 2005 இல் ஃபோர்முலா 1 க்குள் நுழைந்தது அந்த எடி ஜோர்டனின் பெயர் தாங்கிய அணியில்தான். இந்தக் கூட்டத்தில் கருணுக்குக் கிடைத்தது தொழில்நுட்ப விளக்கம் சொல்லும் பங்கு. 13 கிராண்ட் பிரீ வென்ற கூல்தார்ட்டுக்குப் பக்கத்தில், ஒரு புள்ளியும் எடுக்காத ஒருவர் நிற்கிறார். பார்வையாளர்கள் கேட்கத் தொடங்கியதும் அந்தக் கணக்கை யாரும் பார்க்கவில்லை. 2019 இல் ஸ்கை ஸ்போர்ட்ஸ் அவரை அழைத்துக்கொண்டது.

அவர் செய்வதைக் கிட்ட நின்று பார்க்கலாம். பெரிய தொடுதிரை ஒன்று. அதில் இரண்டு சாரதிகளின் ஒரே சுற்று, காரிலிருந்தே எடுத்த படம், மேலும் கீழுமாக ஓடுகிறது. விரலை வைத்து நிறுத்துகிறார். மேலே உள்ளவர் 100 மீற்றர் பலகையைத் தாண்டிய பிறகுதான் பிரேக்கை மிதிக்கிறார். கீழே உள்ளவர் அதற்குச் சற்று முன்னரே மிதித்துவிட்டார். முதற் பார்வைக்கு மேலே உள்ளவர்தான் வேகம். படத்தை ஓடவிடுகிறார். வளைவின் நடுவில் மேலே உள்ளவரின் கைகள் ஸ்டியரிங்கை ஒருமுறை திருத்துகின்றன, அந்தக் கணம் காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுக்க வேண்டி வருகிறது. கீழே உள்ளவர் திருத்தாமலே முழுதாக மிதித்துவிடுகிறார். அடுத்து வருவது நீண்ட நேர்ப்பாதை. பிரேக்கில் மிச்சப்படுத்தியதைவிட இரண்டு மடங்கு நேரத்தை மேலே உள்ளவர் அங்கே இழக்கிறார். விளக்கம் முடிய இரண்டு நிமிடம். பிறகு அந்தப் பந்தயத்தை வேறு கண்ணால் பார்க்கலாம்.

வென்றவர்கள் எல்லாராலும் இப்படிச் சொல்ல முடிவதில்லை. பிறவியிலேயே வேகம் வாய்த்தவருக்குத் தான் ஏன் வேகமாகப் போகிறார் என்று யோசிக்க வேண்டிய தேவை வருவது குறைவு. மெதுவான காரில் மாட்டிக்கொண்டவர் ஒவ்வொரு பத்திலொரு வினாடிக்கும் காரணம் தேட வேண்டும். எதிலே போனது, எங்கே போனது என்று பொறியியலாளரிடம் சொல்ல வேண்டும். ஒலிவாங்கிக்கு முன்னால் பெயரெடுத்தவர்களின் கணக்கைப் பாருங்கள். 1997 முதல் பிரித்தானிய ரசிகர்களின் காதில் இருக்கும் மார்ட்டின் பிரண்டில் 158 பந்தயங்கள் ஓடியும் ஒன்றையும் வெல்லவில்லை. டேலி 49 பந்தயங்களில் கண்ட சிறந்த இடம் நாலாவது. கருண் 11. விதிவிலக்கும் உண்டு: 1980 இல் பிபிசியில் முரே வோக்கருக்குப் பக்கத்தில் அமர்ந்த ஜேம்ஸ் ஹன்ட், 1976 இன் உலகச் சம்பியன். எமக்குப் பழகிய கிரிக்கெட்டில் ரசல் ஆர்னல்டைச் சொல்லலாம். 2007 உலகக் கிண்ணத்தோடு ஓய்வுபெற்ற அவரைப் புதிய ரசிகர்கள் அறிவது வர்ணனைப் பெட்டியிலிருந்து.

கருணிடம் பேச்சுக்கு மேலும் ஒரு பலம் இருக்கிறது: பழைய பந்தயங்களின் ஞாபகம். சோழவரத்துக் கதைகள் பேசிய வீட்டில் வளர்ந்தவர் அல்லவா. வில்லியம்ஸ் அணி தன் 40 ஆம் ஆண்டை 2017 இல் சில்வர்ஸ்டனில் கொண்டாடியபோது, 1992 இல் நைஜல் மான்செல் உலகப் பட்டம் வென்ற எஃப்.டபிள்யூ.14பி காரை அன்று ஓட்டக் கொடுத்தது இவரிடம். 2010 இல் எச்.ஆர்.ரி. கராஜில் மூன்று பயிற்சிகளையும் காத்தே கழித்தவர், தன் எட்டு வயதில் உலகத்தையே வென்ற காருக்குள் 33 வயதில் ஏறி உட்கார்ந்தார். வர்ணனையாளராக நன்கு அறியப்பட்ட பிறகுதான் அந்த வாய்ப்பு வந்தது.

அடுத்த பகுதியில் கடல் கடந்து எம் தீவுக்கே திரும்புகிறோம்: நுவரெலியாவின் மஹகஸ்தோட்ட மலையேற்ற ஓட்டமும், கட்டுகுருந்தை ஓடுபாதையில் ஓடிய கார்களும்.